ஆக்சலாட்டல் வாங்கக் கோயம்புத்தூர் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க

பாலக்காடு மாவட்டத்துல கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கத்து ஆளுங்களுக்காக எழுதறேன். வளர்ப்பு மீனோ, மீன் தொட்டியோ வேணும்னா நமக்கு எப்பவும் கோயம்புத்தூர்தான். அங்க ஒரு கடையில அக்கா பையனுக்கு ஆக்சலாட்டல்ங்கற நீர்ப்பிராணி ஒண்ணு, 80 லிட்டர் தொட்டி, தண்ணியைக் குளிர வைக்கற 'சில்லர்' எல்லாம் சேர்த்து 19,000 ரூபாய்க்கு வாங்கினோம். புகார் கொடுக்கப் போறதால கடை பேரை இங்க போடல.

பையன் விவரமானவன். கடைக்குள்ள போனதும் அவன் கேட்ட முதல் கேள்வியே சூட்டைப் பத்தித்தான். ஆக்சலாட்டல், மெக்சிகோ சிட்டியோட தெற்குப் பக்கம் இருக்கற சொச்சிமில்கோ ஏரி, கால்வாய்கள்ல வாழ்ற ஜீவன். மீனே இல்ல, தவளை மாதிரி நீர்நில வாழ்வி, சாலமாண்டர் இனம். 16-ல இருந்து 18 டிகிரி தண்ணிதான் இதுக்குச் சுகம். 24-க்கு மேல நாள் கணக்கா இருந்தா சாப்பாடு நிக்கும், பூஞ்சை பிடிக்கும். நம்ம பாலக்காட்டு மார்ச், ஏப்ரல் எப்படி இருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

கடைக்காரர் சிரிச்சுட்டே சொன்னார்: "தம்பி, இது நம்ம ஊர்லயே பொரிச்ச குட்டி. நம்ம சூடு பழகிருச்சு. இருந்தாலும் நீ கேக்கறியேன்னு சில்லர் தர்றேன், 20-க்குக் கீழயே நிக்கும்." 1864-ல மெக்சிகோவுல இருந்து பாரிசுக்குக் கொஞ்சம் ஆக்சலாட்டலைக் கொண்டு போனாங்க, இன்னைக்கு உலகம் பூரா தொட்டிகள்ல இருக்கறதுல பெரும்பாலானது அந்த வம்சம்தான். நூத்தைம்பது வருஷத்துக்கு மேல தொட்டியிலயே பிறந்து வளர்ந்தும் பழகாத சூடு, கோயம்புத்தூர்ல ஒரே தலைமுறையில பழகிருச்சாம்!

இப்ப அந்த 'சில்லர்' கதைக்கு வர்றேன், ஏமாத்து வேலை முக்கியமா அதுலதான். ரெண்டு டியூப், ஒரு சின்ன ஃபேன், மேல டிஜிட்டல்ல நம்பர் காட்டற ஒரு பெட்டி. ஒரே கையில தூக்கிரலாம். இதோட விலை மட்டும் 6,500. உள்ள இருந்தது பெல்டியர் தகடு. அதுல கரண்ட் பாய்ஞ்சா ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் கொதிக்கும். கார்ல வைக்கற குட்டி ஐஸ் பெட்டிக்கு அது போதும். 80 லிட்டர் தண்ணியை நம்ம ஊர் மதியத்துல பத்து டிகிரிக்கு மேல இறக்கறதுக்கு அதால ஆகாது. வீட்ல மதியம் தனியா தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்தோம், 28. பெட்டியில 19-ன்னு மின்னிட்டு இருந்துச்சு. நாம செட் பண்ணின நம்பரைத்தான் அது காட்டுது, தண்ணியோட சூட்டை இல்ல.

நிஜமான சில்லர்ல ஃபிரிட்ஜ் மாதிரி கம்ப்ரசரும் கேஸும் இருக்கும். கனமா இருக்கும், சத்தம் வரும். எச்.பி. (குதிரைத்திறன்) கணக்குலதான் விப்பாங்க, 1/10, 1/4ன்னு மேலயே எழுதியிருக்கும். "எத்தனை எச்.பி.?"ன்னு கேளுங்க, பதில் வரலன்னா கிளம்பிருங்க. ஃபேன் மட்டும் போட்டா போதும்னு சொல்றவங்களும் உண்டு. கணவாய்க் காத்து வறண்டு வீசற மாசத்துல ரெண்டு மூணு டிகிரி குறையும், உண்மைதான். 31 வந்து 28 ஆகும். அதை வெச்சு என்ன பண்றது?

அடுத்தது டி.டி.எஸ். மீட்டர் வித்தை. தொட்டித் தண்ணியில மீட்டரை முக்கி, 180-னு காட்டி, "பாருங்க, சுத்தமான தண்ணி, இன்னைக்கே விடலாம்"னார். அந்த மீட்டருக்குத் தண்ணியில மொத்தமா எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னுதான் தெரியும். கொல்றது இதோட கழிவுல இருந்து வர்ற அம்மோனியா. அதையும் நைட்ரைட்டையும் பார்க்கறதுக்குத் தனி டெஸ்ட் கிட் வேணும், ரெண்டுமே பூஜ்யத்துல இருக்கணும். புதுத் தொட்டியில அந்தக் கழிவைத் தின்கிற பாக்டீரியா ஃபில்டர்ல குடியேறவே ஒரு மாசம், சில சமயம் அதுக்கு மேலயும் ஆகும். 'ரெடி தொட்டி'ன்னு எழுதி ஒட்டறவங்களுக்கு இது தெரியாம இருக்காது.

இதெல்லாம் போதாதுன்னு கலர் கூழாங்கல் ஒரு பை, கண்ணாடி சுத்தம் பண்ண ஒரு சக்கர் மீன், ரெண்டும் 'ஃப்ரீ'. ஆக்சலாட்டல் இரையைக் கடிக்காது, வாயைத் திறந்து தண்ணியோட உறிஞ்சும். கூடவே கல்லும் உள்ள போய் குடல் அடைக்கும். சக்கர் மீன் ராத்திரியில இதோட உடம்புல ஒட்டித் தோலைச் சுரண்டும். பையன் அன்னைக்கே ரெண்டையும் எடுத்து வெளிய வெச்சுட்டான்.

சூட்டை மட்டும் அவனால ஒண்ணும் பண்ண முடியல. செவுள் முன்பக்கமா வளைஞ்சது, மண்புழுவைத் திரும்பிக்கூடப் பார்க்கல, அப்புறம் செவுள்ல பஞ்சு மாதிரி வெள்ளை. கடைக்குப் போன் பண்ணினா "கல்லுப்பு போடுங்க"ன்னு ஒரு வார்த்தை, மறுநாள்ல இருந்து எடுக்கறதே இல்ல. டப்புல மாத்தி, ஐஸ் பாட்டில் போட்டு, குளோரின் எடுத்த தண்ணியைத் தினமும் மாத்திப் பார்த்தான். மண்ணுத்தி கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டு போகக் கிளம்பின காலையில அது போயிருச்சு.

பேப்பர் விஷயமும் சொல்லிடறேன். அழியற நிலையில இருக்கற உயிர்களை நாடு விட்டு நாடு விக்கறதைக் கட்டுப்படுத்தற சைட்டிஸ் ஒப்பந்தத்தோட 2-ஆம் பட்டியல்ல ஆக்சலாட்டல் இருக்கு. 2022-ல திருத்தின வனவிலங்குச் சட்டமும் 2024-ல வந்த விதிகளும் சேர்ந்து, இந்த மாதிரி ஜீவனை வெச்சிருக்கறவங்க மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் இணையதளத்துல பதியணும்னு சொல்லுது. மாட்டினா நாமதான் மாட்டுவோம். எங்க கடைக்காரர் "மீனுக்கு எதுக்குங்க பேப்பர்?"னார். பில்லும் தரல, துண்டுச் சீட்டுல கூட்டல் கணக்கு மட்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு நேர்லயே போனோம். அங்க சொன்னதுதான் என்னை இதை எழுத வெச்சது: "நீங்க கேரளா, கடை தமிழ்நாடு. கேஸ் போட்டாலும் வாளையாறு எல்லையைத் தாண்டித் தாண்டித்தான் அலையணும்." சுத்தப் பொய். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம குடியிருக்கற மாவட்டத்துலயே புகார் கொடுக்கலாம், அதாவது பாலக்காட்டு நுகர்வோர் ஆணையத்துலயே. 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள கொடுக்கணும். முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டும் பதியலாம். பில் இல்லாட்டி ஜிபே ரசீது, வாட்ஸ்அப்ல பேசினது, பெட்டியோட போட்டோ, எதையும் அழிக்காதீங்க.

நாங்க ரிஜிஸ்டர் தபால்ல நோட்டீஸ் அனுப்பியாச்சு. அதே மாதிரி வெள்ளைப் பெட்டியை 'சில்லர்'னு சொல்லி உங்க தலையில யாராவது கட்டியிருந்தா, தெர்மாமீட்டரையும் பெட்டியோட நம்பரையும் ஒரே போட்டோவுல எடுத்து எனக்கு அனுப்புங்க. எங்க புகாரோட சேர்த்துக் கொடுக்கறேன்.