டைல்ஸை உடைப்பதற்கு முன் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

மண்டபம், உச்சிப்புளி, தேவிபட்டினம் என்று கடலோரத்தில் வீடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். 10,200 ரூபாயும் ஐந்து நாட்களும் போன பிறகு எழுதுகிறேன்.

எங்கள் வீடு உச்சிப்புளிக்குப் பக்கத்தில் இருக்கிறது. குடிக்கக் குடத்தில் தண்ணீர் வாங்குகிறோம். மற்ற எல்லாவற்றுக்கும் உப்புக் கரிக்கும் போர் தண்ணீர்தான். சென்ற மாதம் வெஸ்டர்ன் டாய்லெட்டில் ஃப்ளஷ் வலுவிழந்துவிட்டது. மூன்று முறை அழுத்தினாலும் முழுதாகப் போகவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, கீழே குந்தி உட்கார முடியாது. அவசரத்தில் ஒரு பிளம்பரை அழைத்தேன்.

வந்தவர் ஃப்ளஷ் டேங்க்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நேராகக் கொல்லைக்குப் போய்ச் செப்டிக் டேங்க் மூடியை நெம்பி, "பாருங்கள், நிரம்பி நிற்கிறது" என்றார். பார்த்தேன், நம்பிவிட்டேன். நன்றாக இயங்கும் செப்டிக் டேங்கிலும் வெளியேற்றுக் குழாயின் மட்டம் வரை தண்ணீர் எப்போதும் நிற்கும். அடியில் கசடு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. அது எனக்கு அன்று தெரியாது. டேங்க்கைக் காலி செய்ய வந்த லாரிக்கு 2,500 ரூபாய் கொடுத்தேன்.

லாரி போன பிறகும் ஃப்ளஷ் அப்படியேதான். குழாயில் அடைப்பு என்று சொல்லிப் பீங்கானைப் பெயர்த்து, டைல்ஸை உடைத்தார். அடைப்பு இல்லை. பிறகு ஃப்ளஷ் டேங்க் பழையது என்று புதியதை மாட்டினார், 4,200. கூலி 3,500. ரசீது தரவில்லை. அந்த ஐந்து நாட்களும் 72 வயது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தார். நினைத்தால் இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: "ஆசிட் ஊற்றி, மேலே பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேயுங்கள்." இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத சின்னக் கழிப்பறையில் அது உயிருக்கே ஆபத்து. பணம் போனதைக்கூட மன்னிப்பேன், இதை மன்னிக்க மாட்டேன்.

கடைசியில், சவூதியில் 18 ஆண்டுகள் பிளம்பிங் வேலை பார்த்துத் திரும்பிய மாமா வந்தார். "மாப்பிள்ளை, ஒரு வாளி நிறையத் தண்ணீர் கொண்டு வா." அதைக் கோப்பைக்குள் ஒரே வீச்சில் ஊற்றினார். மடமடவென்று உள்ளே இறங்கிவிட்டது. "கீழே வழி சுத்தமாக இருக்கிறது. மேலிருந்துதான் தண்ணீர் சரியாக இறங்கவில்லை" என்றார். தண்ணீர் ஏறித் தேங்கி நின்றிருந்தால்தான் அடைப்பைத் தேட வேண்டுமாம்.

முகம் பார்க்கும் கண்ணாடியைக் கோப்பை விளிம்பின் அடியில் பிடித்துக் காட்டினார். சுற்றிலும் உள்ள சிறு துளைகளில் பாதிக்கு மேல் வெள்ளைப் படிவு இறுகிக் கிடந்தது. எல்லாம் போர் தண்ணீர் விட்டுச்சென்றது. போதாததற்கு, புதிய டேங்கில் மிதவையைத் தாழ்வாக வைத்திருந்ததால், உள்ளே குறித்திருக்கும் கோட்டுக்கு நான்கு விரல் கீழேயே தண்ணீர் நின்றது.

மிதவையை உயர்த்தினோம். வினிகரில் நனைத்த துணியை விளிம்பின் அடியில் இரவு முழுவதும் செருகி வைத்து, காலையில் கம்பியால் துளைகளைக் குத்திவிட்டோம். ஒரே அழுத்தில் போகிறது. செலவு 90 ரூபாய்.

பிளம்பரைத் தொலைபேசியில் கேட்டேன். "உங்கள் ஊர்த் தண்ணீர் அப்படி, நான் என்ன செய்வது?" என்றார். அது தெரிந்தவர் முதல் நாளே அந்தத் துளைகளை அல்லவா பார்த்திருக்க வேண்டும்? அதன்பின் என் அழைப்பை அவர் எடுக்கவில்லை. உடைத்த இடத்தில் போட அதே டைல்ஸ் கிடைக்காமல் வெறும் சிமெண்ட் பூசி வைத்திருக்கிறோம். சொரசொரப்பில் அம்மாவின் கால் உரசாமலிருக்க ஒரு கால்மிதி போட்டிருக்கிறேன்.