15,000 டாலரில் ஒரு பேய்: சமீபத்தில் பார்த்த சின்ன பட்ஜெட் திகில் படங்கள்

கொஞ்ச நாளாகச் சின்ன பட்ஜெட் பேய்ப்படங்களாகத் தேடித் தேடிப் பார்த்துவருகிறேன். எல்லாமே நல்ல படங்கள் என்று சொல்லமாட்டேன், சிலதைப் பாதியிலேயே நிறுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது, ஆனால் பெரிய நிறுவனங்கள் எடுக்கிற பேய்ப்படங்களில் பல வருடமாகக் கிடைக்காத ஒரு பயம் இவற்றில் சிலதில் கிடைத்தது. அதனால்தான் எது நன்றாக இருக்கிறது, எது சொதப்புகிறது என்று விரிவாகவே எழுதலாம் என்று நினைத்தேன். கதையின் முக்கியமான திருப்பங்களை முடிந்தவரை சொல்லாமல்தான் எழுதியிருக்கிறேன்.

காசு இல்லை என்பது திரையில் தெரியத்தான் செய்யும். தெரியாத முகங்கள், ஒரே வீடு, கையில் பிடித்த கேமரா, கிராபிக்ஸ் ஒன்றும் கிடையாது. அந்த இல்லாமைக்குக் கதைக்குள்ளேயே ஒரு காரணம் வைத்துவிட்ட படங்கள் நம்மைப் பயமுறுத்துகின்றன, அதை மூடி மறைக்கப் பார்க்கிற படங்கள் மாட்டிக்கொள்கின்றன. ஓரன் பெலி தன் சொந்த வீட்டிலேயே சுமார் 15,000 டாலரில் எடுத்து 2007இல் திரைக்கு வந்த 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' நினைவிருக்கும். படுக்கையறையில் ஸ்டாண்டில் நிற்கிற கேமரா, ஓரத்தில் ஓடுகிற நேரம், தூங்குகிற இரண்டு பேர், அவ்வளவுதான். கேமரா ஏன் நகரவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள், ஏனென்றால் அதைப் பிடித்துக்கொள்ள அந்த நேரத்தில் அங்கே விழித்திருக்கிற ஆளே இல்லை.

இந்த வகையில் எனக்கு ரொம்பப் பிடித்தது 'ஹோஸ்ட்'. 2020 கொரோனா ஊரடங்கில் இங்கிலாந்தில் ராப் சாவேஜ் எடுத்தது. மொத்தப் படமும் ஒரு ஜூம் அழைப்பு. ஊரடங்கில் அடைந்துகிடக்கிற நண்பர்கள் ஆவிகளோடு பேசத்தெரிந்த ஒரு பெண்ணை அழைத்து ஆன்லைனிலேயே ஆவியோடு பேசிப்பார்க்கிறார்கள், அதில் ஒருத்தி விளையாட்டுக்கு ஒரு பொய் சொல்லிவிடுகிறாள், அப்புறம் நடப்பதுதான் கதை. இயக்குநர் நடிகர்களோடு ஒரே அறையில் இல்லாமலேயே எடுத்த படம் இது. விளக்கு வைப்பது, கேமரா வைப்பது, பொருட்களை விழவைப்பது என்று நடிகர்களே தங்கள் வீடுகளில் நிறைய வேலை செய்திருக்கிறார்கள். கேட்டால் சோதனை முயற்சி மாதிரி இருக்கும், பார்க்கும்போது அப்படி இல்லை. அந்த நேரத்தில் நாம் எல்லோரும் அலுவலக வேலைக்கும் பிள்ளைகளின் வகுப்புக்கும் தினமும் பார்த்துக்கொண்டிருந்த அதே கட்டம் கட்டமான திரைக்குள் பேயைக் கொண்டுவந்ததுதான் இதன் பெரிய பலம்.

குறிப்பாக இரண்டு இடங்களைச் சொல்லவேண்டும். ஒருத்தி தன் பின்னணிப் படமாக, தானே அறைக்குள் நடந்துவருவது போல ஒரு வீடியோவை வைத்திருப்பாள். திரும்பத் திரும்ப ஓடுகிற வீடியோ. ஆரம்பத்தில் அது சும்மா ஒரு வேடிக்கையாகத்தான் வருகிறது. பிறகு நிஜமான அவளுக்கு என்னவோ ஆகிறது, அந்த வீடியோ மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்னொரு இடத்தில் முகத்தில் முகமூடி ஒட்டுகிற அந்த ஃபில்டர், ஆளே இல்லாத காற்றில் போய் ஒட்டிக்கொள்கிறது. அங்கே ஒரு முகம் இருக்கிறது என்று மென்பொருளுக்குத் தெரிகிறது, நமக்குத் தெரியவில்லை. கோடி ரூபாய் கொட்டினாலும் இதைவிட நன்றாக ஒரு பேயைக் காட்ட முடியாது என்று நினைக்கிறேன். இலவச ஜூம் கணக்கின் 40 நிமிட எல்லையைக்கூடக் கதைக்குப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். படமே ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது, அந்த அளவு எவ்வளவு சரியானது என்பது அடுத்த படத்துக்கு வரும்போது புரியும்.

குறை என்னவென்றால் இந்த நண்பர்கள் யார் என்று கடைசிவரை நமக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. ஒரே மாதிரி பேசுகிறார்கள், ஒரே மாதிரி கத்துகிறார்கள், பாதிக்கு மேல் எந்தப் பெயர் எந்தக் கட்டத்துக்கு என்பதே குழம்புகிறது. கடைசி நொடியில் நம்மைத் திடுக்கிடவைக்க வருகிற அந்தத் திடீர்த் தாவல் தேவையே இல்லை, அதற்கு முன்னால் இருட்டில் இரண்டு பேர் நடந்துவருகிற இடத்திலேயே படம் முடிந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்தது 'ஸ்கினமரிங்க்'. இதைப் பற்றி ஆளாளுக்குச் சண்டை. கனடாவின் எட்மன்டனில் கைல் எட்வர்ட் பால் தான் வளர்ந்த வீட்டிலேயே எடுத்தது, செலவு சுமார் 15,000 டாலர், வசூல் 20 லட்சம் டாலரைத் தாண்டியது. 1995ஆம் ஆண்டு, இரண்டு சின்னக் குழந்தைகள், நடு இரவில் விழித்துப் பார்த்தால் அப்பாவைக் காணவில்லை, வீட்டின் கதவும் ஜன்னலும் ஒவ்வொன்றாக மறைகின்றன. கதை என்று சொல்வதற்கு இதற்கு மேல் இல்லை. யாருடைய முகத்தையும் சரியாகக் காட்டுவதில்லை. சுவர் மூலை, கூரை, தரையில் கிடக்கிற பொம்மைகள், தொலைக்காட்சியில் ஓடுகிற பழைய கார்ட்டூன், எல்லாவற்றின் மேலும் பழைய பிலிம் மாதிரி புள்ளி புள்ளியாக ஒரு கலங்கல். அந்தப் புள்ளிகள் டிஜிட்டலில் எடுத்துவிட்டுப் பிறகு சேர்த்தவை.

இந்தப் படம் தொட்ட இடத்தை வேறு படம் தொட்டு நான் பார்த்ததில்லை. சின்ன வயதில் ராத்திரி எழுந்து, பக்கத்தில் யாரும் இல்லை என்று தெரிந்து, கூப்பிடவும் பயந்து, இருட்டையே பார்த்துக்கொண்டு படுத்திருப்போமே, அதை அப்படியே எடுத்துவைத்திருக்கிறார். இருட்டில் ரொம்ப நேரம் பார்த்தால் இல்லாத உருவமெல்லாம் தெரியும், அந்தப் புள்ளிகளுக்குள் நம் கண்ணே எதையோ உருவாக்கிக்கொள்கிறது. அந்தப் பெண் குழந்தை மாடிக்குப் போகிற காட்சி இருக்கிறது, அப்பா கட்டிலில் உட்கார்ந்து கட்டிலுக்கு அடியில் பார் என்று சொல்வார், அங்கே நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன்.

ஆனால் 100 நிமிடம். இது தாங்காது. இதே இயக்குநர் 2020இல் 'ஹெக்' என்று ஏறக்குறைய இதே எண்ணத்தை வைத்து ஒரு குறும்படம் எடுத்திருக்கிறார், அது அரை மணி நேரம்தான், அதிலேயே விஷயம் முழுமையாக வந்துவிட்டது. பெரிய படத்தில் நடுவில் ஒரு அரை மணி நேரம் அதே சுவர், அதே கார்ட்டூன், அதே தரைவிரிப்பு என்று போகும்போது பயம் வடிந்து அலுப்பாகிறது. பகலில் போனில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது, வெறும் கறுப்புத் திரைதான், பார்ப்பதாக இருந்தால் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். படமே இல்லை இது என்று சொல்கிறவர்களோடு நான் சண்டை போடமாட்டேன். எனக்கு இது குறையுள்ள ஆனால் மறக்கமுடியாத படம்.

'தி அவுட்வாட்டர்ஸ்' பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். இதற்கும் அதே அளவு காசுதான். ராபி பான்ஃபிச் எடுத்து அவரே நடித்தது, மொஹாவி பாலைவனத்துக்கு ஒரு இசை வீடியோ எடுக்கப் போன நான்கு பேர், அவர்கள் எடுத்த காட்சிகளோடு கிடைத்த மூன்று மெமரி கார்டுகள், அதுதான் படம். பாலைவனத்து ராத்திரிச் சத்தங்கள் அபாரம், வானம் அதிர்கிற மாதிரி வருகிற அந்த இடி, காசே செலவில்லாமல் ஒலியால் மட்டும் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இதைக் காட்டலாம். ஆனால் முதல் பாதி முழுக்க ஒன்றும் நடப்பதில்லை, இரண்டாம் பாதியில் ஒரு சின்ன டார்ச்சின் வெளிச்சத்தில் ரத்தமும் மணலும்தான். எங்கே இருக்கிறோம், யார் ஓடுகிறார்கள், எதைப் பார்த்து ஓடுகிறார்கள் ஒன்றும் பிடிபடாது. டார்ச் வெளிச்சம் இங்கே காட்டமுடியாததை மறைக்கத்தான் வருகிறது. கார்த்திக் சுப்புராஜின் 'பீட்சா'வில் விஜய் சேதுபதி டார்ச்சோடு அந்த பங்களாவுக்குள் சுற்றுவதை நினைத்துப் பாருங்கள், அங்கே படிக்கட்டு எங்கே, கதவு எங்கே, ஹால் எங்கே என்று நமக்கு ஓரளவு தெரியும், தெரிந்ததால்தான் வெளிச்சம் நகர நகரப் பயமாக இருக்கிறது.

சரி, 'லேக் மங்கோ'. 2008இல் வந்த ஆஸ்திரேலியப் படம், ஜோயல் ஆண்டர்சன் எடுத்தது, அதற்கப்புறம் அவர் இன்னொரு முழுநீளப் படம் எடுக்கவே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். மற்றவை மாதிரி அவ்வளவு குறைந்த செலவில் எடுத்தது என்று சொல்லமுடியாது, ஆனாலும் சின்னப் படம்தான். விக்டோரியா மாநிலத்தில் அராரட் என்ற ஊர், ஆலிஸ் பால்மர் என்ற 16 வயதுப் பெண் குடும்பத்தோடு நீந்தப் போன இடத்தில் மூழ்கி இறந்துவிடுகிறாள். அப்புறம் வீட்டில் அவள் இருப்பது மாதிரி சில அறிகுறிகள். அம்மா, அப்பா, சகோதரன், பக்கத்து ஆட்கள் என்று ஒவ்வொருவரும் கேமரா முன் உட்கார்ந்து பேசுகிறார்கள், நடுநடுவே போட்டோ, வீட்டு வீடியோ, செய்தித் துணுக்கு. முழுக்க ஆவணப்படம் மாதிரியே இருக்கும். நடிகர்களுக்கு எழுதிக்கொடுத்த வசனம் கிடையாது, சூழ்நிலையைச் சொல்லிப் பேசவிட்டிருக்கிறார்கள். அதனால்தான் அந்த அம்மா பேசும்போது நடிப்பு என்றே தோன்றவில்லை, தடுமாறுகிறார், சொல்லவந்ததைப் பாதியில் விடுகிறார், துக்க வீட்டில் நாம் பார்க்கிற மனிதர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

தூக்கம் வராமல் ராத்திரியில் ஊருக்குள் நடந்து மற்றவர்கள் வீட்டுக்குள் போய்விடுவேன் என்று அந்த அம்மா சொல்கிற ஒரு இடம் வருகிறது. அதில் பேயே இல்லை. ஆனால் பிள்ளையை இழந்த வீட்டின் நிலையை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. பேய் இருக்கிறதா என்று தேடிக்கொண்டே போகிற குடும்பம், தங்கள் பெண்ணைப் பற்றித் தங்களுக்கு எவ்வளவு குறைவாகத் தெரிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிறது. பிறகு ஒரு செல்போன் வீடியோ வருகிறது. 2000களின் மோசமான போன் கேமரா, இருட்டு, வறண்டுபோன ஏரி, தூரத்திலிருந்து ஒரு உருவம் மெதுவாக நெருங்கிவருகிறது. நல்ல கேமராவில் எடுத்திருந்தால் அந்தக் காட்சிக்குப் பாதி பலம்கூட இருந்திருக்காது, படம் தெளிவாக இல்லாததால் நாமே முன்னால் குனிந்து உற்றுப்பார்க்கிறோம், பார்த்தது என்ன என்று புரிந்தபோது எனக்குப் பயத்தைவிட அழுகைதான் வந்தது. கடைசியில் பெயர்கள் ஓடும்போது எழுந்து போய்விடாதீர்கள், அங்கேயும் பார்க்கவேண்டியது இருக்கிறது.

இதிலும் குறை உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் சம்பந்தப்பட்ட பகுதி வேறு ஏதோ குற்றக் கதையிலிருந்து வந்தது மாதிரி நுழைந்து, பெரிய அதிர்ச்சியைக் கொடுத்துவிட்டு, அப்படியே விடப்படுகிறது. அந்த விஷயம் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு கொடுமையானது என்று யோசித்தால், படம் அதோடு இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கவேண்டும். நடுவில் வருகிற உண்மையா பொய்யா ஆட்டமும் ஒரு தடவை அதிகம். திடுக்கிடவைக்கிற பேய்ப்படம் எதிர்பார்த்துப் பார்த்தால் கண்டிப்பாக ஏமாற்றம்தான்.

இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டியது மலையாளத்தின் 'பூதகாலம்', 2022, ராகுல் சதாசிவன். பெரும்பாலும் ஒரு வாடகை வீடு, அம்மாவாக ரேவதி, மகனாக ஷேன் நிகம். பாட்டி இறந்தபிறகு அந்த வீட்டில் நடப்பது பேயா, இருவருக்கும் இருக்கிற மனச்சோர்வா என்று ரொம்ப நேரம் சொல்லாமலே கொண்டுபோகிறார்கள். வேலை கிடைக்காத மகனும் அவனை நம்பமுடியாத அம்மாவும் சாப்பாட்டு மேசையில் பேசிக்கொள்கிற காட்சிகளே தனியாக ஒரு நல்ல படம். ரேவதிக்கு இதற்காகக் கேரள அரசின் சிறந்த நடிகை விருது கிடைத்தது, தகுதியான விருது. எனக்கு ஒட்டாதது அந்த மனநல ஆலோசகர் பாத்திரம், அவர் போய் வீட்டில் முன்பு இருந்தவர்களைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்ததும், அதுவரை நம் வீட்டிலும் நடக்கலாம் என்று இருந்த பயம், அந்த ஒரு வீட்டின் பிரச்சினையாகச் சுருங்கிவிடுகிறது.

கடைசியாக ஜப்பானின் 'ஒன் கட் ஆஃப் தி டெட்'. ஷினிச்சிரோ உஎதா 30 லட்சம் யென்னில், பெரும்பாலும் யாருக்கும் தெரியாத நடிகர்களை வைத்து எடுத்து, 2018இல் டோக்கியோவில் இரண்டு தியேட்டரில் வெளியாகி, ஜப்பானில் மட்டும் 300 கோடி யென்னுக்கு மேல் வசூலித்த படம். முதல் 37 நிமிடம் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் ஓடுகிற ஜாம்பி படம், உண்மையைச் சொன்னால் அந்த 37 நிமிடம் சுமாராகத்தான் இருக்கும். வசனத்துக்கு நடுவே காரணமில்லாமல் நிற்கிறார்கள், கேமரா கீழே விழுந்து கிடக்கிறது, யாரோ எங்கேயோ பார்த்துப் பேசுகிறார்கள். நிறுத்திவிடாதீர்கள். அந்த ஒவ்வொரு தப்புக்கும் பின்னால் என்ன நடந்தது என்பதுதான் மீதிப் படம், அதை நான் சொன்னால் பார்க்கிற சந்தோஷம் போய்விடும். திகில் படமாக இதில் பயம் குறைவு, அது மட்டும்தான் குறை, காசில்லாமல் படம் எடுக்கிறவர்கள் படுகிற பாட்டை இவ்வளவு அன்போடு காட்டிய படம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. இந்த வகைப் படங்கள் பக்கம் போகாதவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களோடு உட்கார்ந்து முதலில் இதைப் பாருங்கள், 'லேக் மங்கோ'வைத் தனியாக இன்னொரு ராத்திரிக்கு வைத்துக்கொள்ளலாம்.