பதிவுகள் காணாமல் போனால் ஆப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்

முதியவர்கள் சொல்லும் வாய்மொழிக் கதைகளைப் பதிவு செய்து வைக்க எங்கள் குழுவுக்கென்று ஓர் ஆப் செய்து வாங்கினோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். முதல் அப்டேட் வந்த அன்று ஐபோன் வைத்திருந்த எல்லாருக்கும் ஒரே கதி. பட்டியலில் தலைப்பு, தேதி, பேசியவர் பெயர் எல்லாம் இருக்கிறது. தொட்டால் "கோப்பு இல்லை".

போன் செய்து கேட்டோம். "போன்ல இடம் பத்தாம அழிஞ்சிருக்கும், ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போடுங்க" என்றார்கள். எங்களில் ஒருவர் நம்பி அப்படியே செய்தார். அவரிடம் இருந்த 11 பதிவுகளும் போயே போய்விட்டன. அவற்றில் இரண்டில் பேசிய பாட்டி இப்போது உயிரோடு இல்லை. இத்தனைக்கும் பிறகு, மற்றவர்களின் பதிவுகளை மீட்டுத் தர தனிக் கட்டணம் கேட்டார்கள்.

தெரிந்த புரோகிராமர் ஒருவர் என் போனின் பேக்கப்பைக் கணினியில் திறந்து பார்த்தார். ஆடியோ கோப்புகள் ஒன்றுவிடாமல் அங்கேயே இருந்தன! ஆப்பின் டேட்டாபேஸில் ஒவ்வொரு பதிவுக்கும், கோப்பு எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது என்ற முழுப் பாதையை எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பாதையின் நடுவில் 36 எழுத்தில் ஒரு குறியீடு. ஆப்பின் ஃபோல்டருக்கு ஐபோனின் சிஸ்டமான ஐஓஎஸ் வைக்கும் பெயர் அது. அப்டேட்டில் அது மாறிவிடலாம். எங்களுக்கு மாறிவிட்டது, ஆப் பழைய விலாசத்திலேயே தேடிக்கொண்டிருந்தது. கோப்பின் பெயரை மட்டும் சேமித்து, ஃபோல்டர் எங்கே என்று ஒவ்வொரு முறையும் சிஸ்டத்திடம் கேட்டிருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.

ஆண்ட்ராய்டிலும் அதே அலட்சியம்தான். வெளியிலிருந்து தேர்ந்தெடுத்துச் சேர்த்த கோப்பின் யுஆர்ஐ-யை, அதாவது அதன் விலாசத்தை, சேமித்தவர்கள், அதற்கு நிரந்தர அனுமதி வாங்கவில்லை. போனை ரீஸ்டார்ட் செய்ததும் அந்தக் கோப்பு திறக்காது. அந்த அனுமதிக்கும் எண்ணிக்கை வரம்பு உண்டு: ஆண்ட்ராய்டு 10 வரை ஓர் ஆப்புக்கு 128, 11 முதல் 512. நிறையக் கோப்பு சேரும் என்றால் ஆப்புக்குள்ளேயே நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தற்காலிகக் கோப்புகளுக்கான கேஷ் ஃபோல்டரில் வைக்க விடாதீர்கள். இடம் குறைந்தால் சிஸ்டமே அதைத் துடைத்துவிடும்.

ஆப் செய்து வாங்குகிறவர்கள் கடைசித் தவணை கொடுப்பதற்கு முன் நான்கு கோப்பு சேர்த்து, ஆப்பை அப்டேட் செய்து, போனை அணைத்துப் போட்டு, அந்த நான்கும் திறக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே கோப்புகள் காணவில்லையா? யார் என்ன சொன்னாலும் முதலில் முழு பேக்கப் எடுங்கள், அப்புறம் மற்றதைப் பேசலாம்.