இருபது பேருக்கு மதியச் சாப்பாடு: ஸ்லோ குக்கரா, பிரஷர் குக்கரா, பக்கெட் பிரியாணியா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் இருபது பேர் சாப்பிட வருகிறார்கள் என்றால், வந்தவர்கள் ஹாலில் பேசிக்கொண்டிருப்பார்கள், கூப்பிட்டவர் அடுப்படியில் வியர்வை ஊற்ற நிற்பார். என் அம்மா வருஷக்கணக்காக அப்படித்தான் நின்றார். சொந்தக்காரர்கள் கிளம்பி வாசலுக்கு வந்தபிறகுதான் அவர்களோடு நாலு வார்த்தை பேசுவார். அதனால் எது சீக்கிரம் சமைக்கிறது என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. விருந்தாளி செருப்பைக் கழற்றும்போது என்னை அடுப்படியிலிருந்து எது வெளியே விடும் என்பதுதான் முதல் கேள்வி. முகப்பேரில் எங்கள் ஃபிளாட்டில் மூன்று வழியையும் செய்து பார்த்தாயிற்று.

பக்கெட் பிரியாணியில் வேலையே இல்லை, போன் போட்டால் போதும். ஆனால் நேரம் நம் கையில் இல்லை. ஒருமுறை ஒரு மணிக்குச் சொன்னது இரண்டரைக்கு வந்தது, அதுவும் ஆறிப்போய். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடும் பெரியவர்கள் அதுவரை பிஸ்கட் சாப்பிட்டுப் பசியை அடக்கினார்கள். அது இன்னமும் மனதில் உறுத்துகிறது. கறி சாப்பிடாதவர்களுக்கும் காரம் ஆகாத குழந்தைகளுக்கும் எப்படியும் தனியாக ஏதாவது செய்தாக வேண்டும்.

பிரஷர் குக்கரின் பலம் அதன் சூடுதான். வெயிட் போட்டு மூடினால் உள்ளே ஏறக்குறைய 120 டிகிரி வரை ஏறும். மட்டன் அரை மணி நேரத்துக்குள் வெந்துவிடும். பருப்புக்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. சிக்கல் அளவில் வருகிறது. வீட்டிலிருக்கும் ஐந்து லிட்டர் குக்கரில் இருபது பேருக்கான குழம்பு ஒரே தடவையில் அடங்காது. இரண்டு முறை வைக்க வேண்டும். முதல் பந்தி முடிந்து அடுத்த பந்தி உட்காரும்போது குழம்பு ஆறியிருக்கும். திரும்ப அடுப்பில் ஏற்றி, அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே நிற்க வேண்டும். அம்மாவை அடுப்படியிலேயே நிற்க வைத்தது இந்த வேலைதான்.

ஸ்லோ குக்கர் 1970களில் அமெரிக்க வீடுகளில் பரவிய, கரண்டில் ஓடும் சாமான். பீங்கான் சட்டி, கண்ணாடி மூடி, சுற்றிலும் மெல்லிய சூடு. லோவில் வைத்தால் எட்டு மணி நேரம், ஹையில் நாலு மணி நேரம். ஆறு லிட்டர் சட்டியில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பினால் நாலு லிட்டர் குழம்பு. ஆளுக்கு 200 மில்லி என்று வைத்தாலும் இருபது பேருக்குச் சரியாக வரும். எலும்போடு கூடிய தொடைக்கறி, நெஞ்செலும்பு, ஆட்டுக்கால் பாயா இதற்கென்றே பிறந்தவை. ஜவ்வெல்லாம் நிதானமாகக் கரைந்து சாறு விரலில் ஒட்டும். விசில் விட்ட கறியில் அந்த ஒட்டல் எனக்குக் கிடைத்ததில்லை. அப்புறம் வார்ம் பட்டன். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை யார் எப்போது வந்தாலும் ஒரே சூட்டில் எடுத்து ஊற்றலாம். சமைத்த உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி வெகுநேரம் இருந்தால் கிருமி பெருகும். மே மாத வெயிலில் மேசையில் திறந்து வைத்த குழம்பை நினைத்தாலே எனக்குப் பயம்.

ஆனால் எல்லாவற்றையும் அதில் கொட்டிவிட முடியாது. சாம்பாருக்கு அது ஆகாது. புளி சேர்ந்தால் துவரம்பருப்பு குழையாது, போர் தண்ணீராக இருந்தால் இன்னும் மோசம். மீன் உதிர்ந்துவிடும். சாதம் களியாகும். ராஜ்மா போடுவதாக இருந்தால் கவனம்: இரவு ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பிலேயே பத்து நிமிஷம் நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகுதான் சட்டிக்குள் போக வேண்டும். அதிலிருக்கும் ஒருவகை நச்சு மெல்லிய சூட்டில் அழியாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்துவிடும்.

நம் குழம்புக்கு இன்னொரு பழக்கமும் வேண்டும். வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு, மசாலாவை வாணலியில் எண்ணெய் பிரிய வதக்கிவிட்டுத்தான் சட்டியில் சேர்க்க வேண்டும். நேராகப் போட்டால் பச்சை வாசனை கடைசிவரை போகாது. மூடிய சட்டியில் நீர் வற்றாது என்பதால் வழக்கமாக ஊற்றுவதில் பாதித் தண்ணீர் போதும். பட்டை, கிராம்பையும் குறையுங்கள், எட்டு மணி நேரத்தில் அவை தூக்கலாகிவிடும். உருளைக்கிழங்கு கறியைவிட மெதுவாக வேகும், சின்னதாக நறுக்கி அடியில் போடுங்கள். தேங்காய்ப்பால் கடைசி அரை மணி நேரத்தில். நடுவில் மூடியைத் திறந்து பார்க்காதீர்கள், ஒவ்வொரு முறையும் இருபது நிமிஷச் சூடு போய்விடும்.

கரண்ட் செலவுக்கும் பயப்பட வேண்டாம். 200 வாட் சட்டி எட்டு மணி நேரம் ஓடினால் 1.6 யூனிட்தான். சாதாரண 5 ஆம்ப் பிளக்கே போதும் என்பதால், அடுப்படியை விட்டு ஹால் மூலையில் இன்வெர்ட்டர் லைனில் வைக்கிறேன். அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் கொண்டுவந்து தரும் சட்டி என்றால் அடியிலிருக்கும் எழுத்தைப் படித்துப் பாருங்கள். 120 வோல்ட் என்றிருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகக் கூடாது, எரிந்துவிடும்.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு இதுதான். சனிக்கிழமை சாயங்காலமே கறி வாங்கிக் கழுவி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன், ஞாயிறு காலை கறிக்கடை வரிசையில் நிற்க முடியாது. ஞாயிறு விடியற்காலை நாலு மணிக்கு மசாலா வதக்கிக் கறியோடு சட்டியில் போட்டு, லோவில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுவேன். பதினொரு மணிக்குப் பருப்பும் சாதமும் குக்கரில். கறி சாப்பிடாதவர்களுக்கு முதல் நாளே செய்த சென்னா. அப்பளத்தை மட்டும் கடைசியில் பொரிக்கிறேன். பிரியாணி கேட்டுக் குழந்தைகள் அடம் பிடித்தால் ஒரே ஒரு கிலோ பக்கெட் சொல்லுவேன், அது தாமதமானாலும் யாரும் பசியோடு காத்திருக்க வேண்டியதில்லை. போன தடவை பன்னிரண்டரைக்கு அத்தை வந்தபோது நான் கை துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டேன். அம்மாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.