ஸ்பாரோவுக்கு ஒரு தடவை போய் வாருங்கள்

தாராவித் தமிழ்ப் பெண்களின் உழைப்பைப் பற்றி ஆய்வு செய்கிறேன். முதல் ஆறு மாதம் அலைந்ததுதான் மிச்சம். பெரிய நூலகம் ஒன்றில் 'பெண்கள்' என்று தேடினால் சமையலும் பிரசவமும் வந்தன. 'தாராவி' என்று தேடினால் தோல் தொழில் வந்தது, பெண்கள் வரவில்லை. அப்புறம்தான் நெறியாளர் சொல்லி, மும்பை தஹிசர் கிழக்கில் இருக்கும் ஸ்பாரோ என்ற பெண்கள் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன்.

சி.எஸ். லக்ஷ்மி (நம் எழுத்தாளர் அம்பைதான்), பெண்ணிய ஆய்வாளர்கள் நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் மூவரும் 1988-இல் தொடங்கிய காப்பகம் இது. புத்தகம் மட்டும் என்று நினைத்துப் போகாதீர்கள். வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள், புகைப்படங்கள், சுவரொட்டிகள், ஆவணப்படங்கள், பத்திரிகை நறுக்குகள் என்று பல மொழிகளில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். எனக்குப் பெரிதாகப் பட்டது குரல்தான். அச்சில் ஒரே வரியாக இருக்கும் பதிலுக்கு முன்னால், ஒலிப்பதிவில் நீண்ட மௌனம் இருக்கிறது. கேள்வி கேட்டவர் அவசரப்படாமல் காத்திருந்ததும் காதில் விழுகிறது. பேட்டி எடுப்பது எப்படி என்று எந்த வகுப்பிலும் நான் இவ்வளவு கற்றதில்லை.

தாராவிப் பக்கம் சயானிலிருந்து ரயிலில் போகிறவர்கள் தாதரில் மாறி, போரிவிலி ஃபாஸ்ட் ரயில் பிடித்து, அங்கிருந்து ஸ்லோ ரயிலில் ஒரே ஸ்டேஷன். தூரம்தான். முன்கூட்டியே பேசி, என்ன தேடுகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

அறிக்கைகளும் ஆய்விதழ்களும்தான் வேண்டும் என்றால் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தின் ஜுஹு வளாகம் பக்கம் போங்கள். அங்கே 1974-இல் தொடங்கிய பெண்ணிய ஆய்வு மையம் நாட்டிலேயே முதலாவது. அதைத் தொடங்கியவரும் நீரா தேசாய்தான்.

பழைய தமிழ் இதழ்களைத் தேடுகிறவர்களுக்கு இன்னொன்று. 'பெண்' என்று மட்டும் தேடி நிறுத்திவிடாதீர்கள். 'ஸ்திரீ', 'மாதர்', 'மகளிர்' எல்லாம் போட்டுப் பாருங்கள். நூறு வருடத்துக்கு முந்தைய எழுத்து பெரும்பாலும் அந்தச் சொற்களுக்குள் இருக்கிறது. கட்டுரையாளர் பெயரே இல்லாமல் 'இன்னாருடைய மனைவி' என்றும் இருக்கலாம். கணவர் பெயரையும் தேடுங்கள்.

ஸ்பாரோவிலிருந்து திரும்பிய வாரமே எங்கள் அத்தையிடம் போனை ஆன் செய்து வைத்து உட்கார்ந்தேன். "நான் என்னம்மா வேலை பார்த்தேன், வீட்டுலதான இருந்தேன்" என்றார். வழக்கமாக அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். அன்று பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "ராத்திரி பதினோரு மணிக்கு மாவாட்டி வைப்பேன், விடியக்காலம் நாலு மணிக்கு முந்நூறு இட்லி" என்று ஆரம்பித்தார். மொத்தம் இரண்டு மணி நேரப் பதிவு. இருபத்தாறு வருடம் அவர் இட்லி விற்றிருக்கிறார். ரேஷன் கார்டில் அவருக்கு எதிரே 'இல்லத்தரசி' என்றுதான் இருக்கிறது.