கல்யாணப் பதிவுக்கு ‘பேக்கேஜ்’ பேசுகிறவர்களிடம் சிக்காதீர்கள்

சார்பதிவாளர் அலுவலக வாசலிலும், ஆன்லைன் சென்டர்களிலும், இப்போது வாட்ஸ்ஆப்பிலும் “ஒரே நாளில் மேரேஜ் சர்டிஃபிகேட், எல்லாம் சேர்த்து இவ்வளவு” என்று ஆயிரக்கணக்கில் பேரம் பேசுகிறார்கள். அரசுக்குக் கட்ட வேண்டியது சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். போன பணத்தையாவது மறுபடி சம்பாதித்துக்கொள்ளலாம். அப்படி வாங்கிய சான்றிதழ் சில வருடம் கழித்து விசா அதிகாரி முன்போ குடும்ப நீதிமன்றத்திலோ நிற்காமல் போனால், அதைச் சரிசெய்வது லேசில்லை. தமிழ்நாட்டில் இந்த ஆட்கள் எங்கெங்கே கைவைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு அலுவலகப் படி ஏறுங்கள்.

முதலில் பயமுறுத்துவது கெடுவை வைத்துத்தான். 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் பொருந்தும். கல்யாணம் நடந்து 90 நாளுக்குள் பதிய வேண்டும், கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. இதைச் சொல்லி, “கெடு தாண்டிருச்சு, உங்க கல்யாணமே செல்லாது, மேலிடத்தில் பேசித்தான் முடிக்கணும்” என்பார்கள். பதியவில்லை என்ற ஒரே காரணத்தால் முறைப்படி நடந்த கல்யாணம் செல்லாமல் போகாது. இருவரும் இந்துக்கள் என்றால் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 8ஆவது பிரிவில் பதியலாம். அதற்குக் காலக்கெடு இல்லை. முப்பது வருடத்துக்கு முன் தாலி கட்டியவர்களும் இன்று போய்ப் பதிகிறார்கள். மற்றவர்களுக்கு 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15ஆவது பிரிவு இருக்கிறது. ஏற்கெனவே வேறு முறையில் நடந்த கல்யாணத்தை அதில் பதியலாம்.

எந்தச் சட்டம் என்பதைத் தரகர் முடிவு செய்ய விட்டால் அடுத்த தவறு அங்கேதான் நடக்கும். ஒருவர் இந்து, மற்றவர் கிறிஸ்தவர் அல்லது முஸ்லிம் என்றால் இந்து திருமணச் சட்டத்தில் பதிய முடியாது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் காத்திருக்க வேண்டும் என்பதால், குறுக்கு வழியாக ஒரு மதமாற்றச் சான்றை ஏற்பாடு செய்து, இந்து திருமணம் என்று பதிந்து கொடுக்கிறார்கள். நாளைக்குச் சொத்து, வாரிசு, விவாகரத்து என்று எது வந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கைவைப்பது அந்தக் காகிதத்தில்தான்.

அந்த 30 நாளை யாராலும் ஒரு நாளாகச் சுருக்க முடியாது. கல்யாணம் செய்யப்போகிறோம் என்று திருமண அலுவலரிடம் நோட்டீஸ் கொடுக்கும் முன் இருவரில் ஒருவராவது அவருடைய மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீஸை அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள். நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் ஒரு படி அங்குள்ள திருமண அலுவலருக்குப் போகும், அங்கும் ஒட்டப்படும். 30 நாள் முடிந்தபின் மூன்று சாட்சிகளோடு போய்க் கையெழுத்திட வேண்டும். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் முடியவில்லை என்றால் அது காலாவதி, மறுபடி முதலிலிருந்துதான். “உடனே முடிக்கிறேன்” என்கிறவர் நோட்டீஸ் தேதியை முன்தேதியிட வைப்பார். இல்லையென்றால் முப்பது நாளும் ஏதாவது சாக்குச் சொல்லிப் பணத்தைக் கறப்பார்.

வீட்டுக்குத் தெரியாமல் பதிய வரும் பிள்ளைகள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். அவர்களுக்காக இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 முடிந்திருந்தால் இந்து திருமணச் சட்டத்திலும் சரி, சிறப்புத் திருமணச் சட்டத்திலும் சரி, பெற்றோர் கையெழுத்து தேவையில்லை. “அப்பா அம்மா கையெழுத்துக்குப் பதில் இவ்வளவு” என்று கேட்பது சுத்தப் பொய். நோட்டீஸைப் பார்த்து யார் ஆட்சேபம் கொடுத்தாலும் அது சட்டம் சொல்லும் காரணமாக இருக்க வேண்டும்: உயிரோடு இருக்கும் கணவன் அல்லது மனைவி, வயதுக் குறைவு, சம்மதம் தர முடியாத மனநிலை, தடைசெய்யப்பட்ட உறவுமுறை. சாதியோ வீட்டாரின் கோபமோ அதில் இல்லை. ஆட்சேபத்தின் மேல் அலுவலர் 30 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும். ஆட்சேபத்தை ஏற்று மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு உண்டு.

இன்னொரு சரக்கு, கல்யாணமே நடக்காமல் தருகிற சான்றிதழ். விசாவுக்கு அவசரம், மண்டபத்துக்குத் தேதி ஆறு மாதம் கழித்துத்தான் என்றிருப்பவர்களிடம் இதை விற்கிறார்கள். பழைய தேதி போட்டுப் பத்துப் பத்திரிகை அச்சடிப்பார்கள், ஒரு கோயில் ரசீது, மாலையோடு ஒரு போட்டோ, பதிவு முடிந்துவிடும். 2024இல் உச்ச நீதிமன்றம் இதில் தெளிவாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது: இந்து திருமணச் சட்டப்படி சடங்கு நடக்காமல் பதிவு மட்டும் செய்தால் அது கல்யாணம் ஆகாது. அந்த வழக்கிலும் ஒரு சங்கம் கொடுத்த சான்றைக் காட்டித்தான் பதிவு வாங்கியிருந்தார்கள். பத்திரிகையில் பொய்த் தேதி போட்டு அரசிடம் கொடுத்த குற்றத்துக்கும் கையெழுத்துப் போட்ட நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், தரகர் அல்ல.

உண்மையிலேயே அவசரம் என்றால் நேர்மையான வழி இங்கேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவின்படி, இருவரும் இந்துக்களாக இருந்தால், உறவினர்கள், நண்பர்கள் அல்லது வேறு நபர்கள் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி, மாலை அல்லது மோதிரம் மாற்றினாலோ தாலி கட்டினாலோ அது முழுமையான கல்யாணம். புரோகிதர் தேவையில்லை. அதை உண்மையாகவே நடத்தி, நடந்த தேதியையே கல்யாணத் தேதியாகப் போட்டுப் பதியுங்கள். விருந்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நண்பராக ஒரு வக்கீல் அதில் கலந்துகொள்வதில் தவறில்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் வக்கீல் லெட்டர்ஹெட்டில் அடித்துக் கொடுக்கும் காகிதம் அரசுப் பதிவுக்கு ஈடாகாது.

இனி, சின்னதாகத் தெரிந்து பெரிய சேதம் செய்யும் விஷயம்: தட்டச்சு. பதிவுத்துறையின் தளம் டிஎன்ரெஜிநெட், முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடியும். வேறு எதில் முடிந்தாலும் தனியார் கடை, உங்கள் ஆதாரை அங்கே ஏற்றாதீர்கள். தளத்தில் உங்கள் சொந்த செல் எண்ணில் லாகின் உருவாக்குங்கள். தரகர் தன் லாகினில் போட்டால் விண்ணப்ப எண், ஓடிபி எல்லாம் அவருக்குத்தான் போகும். பிறகு ஒரு நகல் எடுக்கவும் அவர் காலில் விழ வேண்டும். அசல் ஆவணத்தை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். பாக்கிப் பணத்துக்கு அதைப் பிணையாக வைத்துக்கொள்வது இவர்கள் வழக்கம்.

கையெழுத்துக்கு முன் வரிவரியாகப் படிக்க வேண்டியவை இவை. பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கூட்டு மாறாமல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்திருந்தால் இங்கேயும் விரித்தே எழுதுங்கள், வெறும் இன்ஷியல் போதாது. பாஸ்போர்ட் இல்லையென்றால் பள்ளிச் சான்றிதழ்ப்படி எழுதுங்கள். அடிக்கடி நடக்கும் தவறு, பெண் பெயருக்கு முன் கணவர் இன்ஷியலைப் போட்டுவிடுவது. அந்தப் பெயரில் அவருக்கு வேறு எந்த ஆவணமும் இருக்காது. கல்யாணத் தேதியும் பதிவுத் தேதியும் இடம் மாறியிருக்கிறதா, கல்யாணம் நடந்த ஊர் சரியா என்றும் பாருங்கள். பதிவானபின் அழித்து எழுத முடியாது. ஆதாரம் வைத்து மனுக் கொடுத்துத்தான் திருத்த வேண்டும்.

பழைய பதிவைத் தேடுகிறவர்களிடம் நடக்கும் மோசடி வேறு ரகம். இந்து திருமணப் பதிவேட்டைப் பார்வையிடவும், கட்டணம் கட்டிச் சான்றிட்ட நகல் வாங்கவும் சட்டமே வழி வைத்திருக்கிறது. சிறப்புத் திருமணச் சட்டத்திலும் அப்படியே. தேடுவதற்கு வேண்டியது நான்கு தகவல்: எந்த அலுவலகம், எந்தச் சட்டம், எந்த வருடம், பதிவு எண். எண் தெரியாவிட்டாலும் வருடமும் பெயர்களும் இருந்தால் தேடலாம். கிடைக்கவில்லை என்றவுடன் தரகரிடம் ஓடாதீர்கள். அலுவலக எல்லைகள் பிரிந்திருக்கும், உங்கள் ஊர் அன்று எந்த அலுவலகத்தின் கீழ் இருந்தது என்று விசாரியுங்கள். சர்ச்சில் நடந்த கல்யாணம் என்றால் அந்தச் சர்ச்சின் பதிவேட்டிலிருந்தும், நிக்காஹ் என்றால் ஜமாஅத் அல்லது காஜி பதிவேட்டிலிருந்தும் ஆரம்பிக்க வேண்டும்.

பல அப்பா அம்மாக்களின் கல்யாணம் பதியப்படவே இல்லை. அப்படியிருக்க ஒருவர் 1985ஆம் வருடப் பதிவை “ரெக்கார்டு ரூமிலிருந்து எடுத்து” வந்தால் அது போலி. உங்கள் கையில் இருப்பது ஒரு குற்றத்துக்கான சாட்சி. செய்ய வேண்டியது, இருவரும் இருக்கும்போதே 8ஆவது பிரிவில் இன்று பதிவது. கல்யாணத் தேதி பழையதாகவும் பதிவுத் தேதி இன்றையதாகவும் இருக்கும், அதில் குறை எதுவும் இல்லை.

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டீர்களா? ஜிபே ரசீதையும் வாட்ஸ்ஆப் பேச்சையும் அழிக்காதீர்கள். போலித் தளம் என்றால் உடனே 1930க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு. அலுவலகத்துக்குள்ளேயே யாராவது கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறையில் புகார் கொடுக்கலாம், பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே. சான்றிதழ் கையில் வந்திருந்தால் அதிலுள்ள எண்ணை வைத்து அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். நகல் வந்தால் பதிவு இருக்கிறது. அப்படி ஒரு எண்ணே இல்லை என்று சொன்னால், அந்தச் சான்றிதழை வேறு எங்கும் காட்டாமல் நேராகக் காவல் நிலையத்துக்குக் கொண்டு போங்கள்.