பொன்னியின் செல்வன்: வந்தியத்தேவனுக்காகவே படிக்கலாம்

1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த, எழுத்தாளர் கல்கியின் நாவல். ஐந்து பாகம், 293 அத்தியாயம். தலைப்பு சோழ இளவரசர் அருள்மொழிவர்மருக்கு உரியது என்றாலும் கதையை இழுத்துச் செல்பவன் வந்தியத்தேவன்தான். மந்திரமோ வரமோ இல்லாதவன். நாடிழந்த வாணர் குலத்துப் பிள்ளை, காஞ்சியிலிருந்து இரண்டு ஓலை சுமந்து வருகிறான், அவ்வளவுதான்.

பிறகு அவனிடம் என்னதான் இருக்கிறது? தஞ்சைக் கோட்டையில் சுந்தர சோழரைக் காணும் இடத்தை நிதானமாகப் படியுங்கள். நோயுற்ற சக்கரவர்த்தியிடம் ‘அபாயம்’ என்று எச்சரிக்கிறான். அது கோட்டைத் தளபதி சின்னப் பழுவேட்டரையர் காதிலும் விழுந்துவிடுகிறது. அவர் அதட்டியதும் ‘அபயம்’ கேட்டதாகச் சமாளிக்கிறான். ஒரு நெடிலைக் குறிலாக்கித் தலை தப்புகிறது! கல்கியின் கைத்திறன் இதுதான். சிக்கல் வருவது இவனுடைய அவசர புத்தியால். தப்பிக்க வழி கிடைப்பதும் அதே வாயால். ஆனாலும் கோட்டைத் தளபதியின் சந்தேகம் தீர்வதில்லை. அடுத்த சிக்கல் அங்கேயே முளைக்கிறது. ஒவ்வொரு முறையும் சுத்தமாகத் தப்பியிருந்தால், அடுத்த ஆபத்தில் நமக்குப் பதைப்பே வராது.

இன்னொன்று, இவன் பிறரால் காப்பாற்றப்படுகிறவன். நடுக்கடலில் இவனுக்காக இளவரசரே குதிக்கிறார். பிறகு இருவரையும் படகில் ஏற்றுபவள் படகோட்டிப் பெண் பூங்குழலி. அதனால் இவன் வீரம் குறைந்துவிடவில்லை, நம்பும்படி ஆகிறது.

குறை இல்லாமல் இல்லை. கடம்பூர் மாளிகையில் நண்பன் வீட்டு விருந்தாளியாகப் போனவன் சதியாலோசனையைக் கேட்பது இயல்பாகப் பொருந்துகிறது. அதன்பின் யாராவது எதையாவது ஒளிந்து கேட்டுக்கொண்டே இருப்பது அலுப்பூட்டுகிறது. 91 அத்தியாயம் கொண்ட ஐந்தாம் பாகத்தில் இவன் பாதாளச் சிறையில் கிடக்கும்போது வேகமும் படுத்துவிடுகிறது. ஓடவும் பேசவும் பிறந்தவனைக் கட்டிப்போட்டால் வேறென்ன ஆகும்?

வாங்குவதானால் முழுப் பதிப்பையே வாங்குங்கள், மணியம் ஓவியங்களுடன் கிடைத்தால் இன்னும் நல்லது. சுருக்கப் பதிப்பு வேண்டாம். சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது இவனுடைய உளறல்களும் தடுமாற்றங்களும்தான். மிஞ்சுவது குதிரையில் போகும் யாரோ ஒரு வாள்வீரன்.